சுவர் இல்லாத பள்ளிக்கு 25,000 ரூபாய் மானியம்: அதிகாரிகளுக்கு ஒரு தாயின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை, ஊரக வளர்ச்சித் துறை அதிகாரிகளுக்கும், பள்ளி மானியத்தின் அளவை முடிவுசெய்கிற ஒன்றியக் கல்வி அமைச்சகத்துக்கும்,

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் இடிந்த சுற்றுச்சுவரைக் கட்டித் தரச் சொல்லி பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்பியிருந்தோம். ஒருவழியாகப் பதில் வந்திருக்கிறது. "பள்ளி மானியத்திலிருந்தோ நன்கொடையாளர்கள் மூலமாகவோ செய்துகொள்ளவும்." அவ்வளவுதான் பதில். இதை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நான் அந்தக் குழுவின் தலைவர். அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் என் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

முதலில் அந்த மானியம் எவ்வளவு என்று பார்ப்போம், ஏனென்றால் பதில் எழுதியவர் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம். ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் பள்ளிக்கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் வருகிற பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து வருகிறது. 30 பிள்ளைகள் வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை என்றால் 25,000. 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் போனால் ஒரு லட்சம். எங்கள் பள்ளியில் அறுபது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மேல், அதனால் 25,000. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மிச்சத்தில்தான் சாக்பீஸ், பதிவேடு, விளையாட்டுச் சாமான், மின்விசிறி ரிப்பேர், குடிநீர்க் குழாய், இணையக் கட்டணம் எல்லாம். இடிந்து கிடக்கிற தெற்குப் பக்கத்துக்கு மட்டும் எங்கள் ஊர் மேஸ்திரி போட்டுக் கொடுத்த கணக்கு மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது, அதுவும் ஊர்ப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி என்று அவர் கூலியைக் குறைத்துச் சொன்ன கணக்கு. ஒரு சாக்பீஸ்கூட வாங்காமல் மொத்த மானியத்தையும் சேர்த்து வைத்தாலும் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். சேர்த்து வைக்கவும் முடியாது, மார்ச் 31க்குள் செலவு செய்து பில் ஏற்றாவிட்டால் அந்தப் பணம் எங்களுக்கு இல்லை.

அந்தச் சுவர் தானாக விழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்கச் சொன்னீர்கள். நல்ல முடிவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எங்கள் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடமும் அந்தப் பட்டியலில் இருந்தது. இடிக்க வந்த ஜே.சி.பி. உள்ளே நுழைய வழியில்லை என்று தெற்குப் பக்கச் சுவரை உடைத்தார்கள். அப்புறம் புதுக் கட்டடம் கட்ட வந்த கல் லாரியும் கம்பி லாரியும் அதே வழியில் வந்து போனதில் மிச்சமிருந்த சுவரும் விழுந்தது. புதுக் கட்டடம் வந்துவிட்டது, நன்றாகவே இருக்கிறது. சுவர் வரவில்லை. கேட்டால் கட்டடத்துக்கான மதிப்பீட்டில் சுவர் இல்லை என்கிறார்கள். உடைத்தது அரசு வேலைக்காக, கட்டுவது மட்டும் நன்கொடையாளர் பொறுப்பா?

தெற்குப் பக்கம் என்றால் என்ன என்று அந்தப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்தடி தள்ளி தார்ச்சாலை. எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் லாரிகள் காலையிலிருந்து ஓடுகின்றன. சாலையைத் தாண்டினால் ஏரி, மழைக்காலத்தில் கரைவரை தண்ணீர் நிற்கும். இடைவேளையில் பந்து சாலைக்கு உருண்டால் பின்னாலேயே ஒரு பிள்ளை ஓடும், அது பிள்ளையின் இயல்பு, ஐந்து வயதில் யாரும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓடமாட்டார்கள். இருப்பது இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பையும் இன்னொருவர் பார்க்க வேண்டும். அவர் பாடம் நடத்துவாரா, சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாரா? இப்போது காலையிலும் மதிய இடைவேளையிலும் அம்மாக்கள் முறை வைத்துச் சாலையோரம் நிற்கிறோம். நூறு நாள் வேலைக்குப் போக வேண்டியவர்களும், களை எடுக்கப் போக வேண்டியவர்களும், கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். பிள்ளைக்குக் காவல் நிற்க எங்களுக்கு வருத்தமில்லை, ஆனால் ஒரு அரசுப் பள்ளியின் பாதுகாப்பு ஏற்பாடு இதுதான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இரவில் நடப்பது வேறு. தொடக்கப் பள்ளிக்கு இரவுக் காவலர் பணியிடமே கிடையாது. மாலை நான்கரைக்குப் பிறகு அந்த வளாகம் யாருக்கு வேண்டுமானாலும் திறந்த இடம். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் சத்துணவு அமைப்பாளர் அக்கா வந்து பாட்டில்களைப் பொறுக்கிப் போடுகிறார். உடைந்த கண்ணாடி மண்ணுக்குள் புதைந்து, இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் காலில் ஏறித் தையல் போட்டார்கள். குழாயைத் திருகி எடுத்துப் போயிருக்கிறார்கள். கழிப்பறைக் கதவை உடைத்தார்கள், அதைச் சரி செய்யும்வரை பெண் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். கதவு செலவுக்குத் தலைமையாசிரியை தன் பணத்தைப் போட்டார், மானியம் அப்போது வந்திருக்கவில்லை.

அப்புறம் ஸ்மார்ட் போர்டு. மாநிலத்தில் 22,931 தொடக்கப் பள்ளி வகுப்பறைகளைத் திறன்மிகு வகுப்பறையாக்கினீர்கள், எங்களுக்கும் ஒன்று வந்தது, பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம். அதைப் பூட்டிப் பாதுகாக்க ஒரு ரூபாய் வந்ததா? இல்லை. கிரில் கதவு போட ஊரில் வசூல் செய்தோம். ஏதாவது காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியை என்று சொல்லிவிட்டார்கள். அவர் விடுமுறை நாட்களில்கூட பக்கத்து வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்து, "கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பாடம் நடத்த வந்தவரை இரவுக் காவலராகவும் ஆக்கி, சம்பளம் மட்டும் ஒன்றாகக் கொடுக்கிறோம்.

சரி, யாரிடம் கேட்பது என்று பார்த்தால் அதற்கும் தெளிவான இடம் இல்லை. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கட்டடமும் சுவரும் ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம், வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பி.டி.ஓ.) கேளுங்கள் என்றார்கள். பி.டி.ஓ. அலுவலகத்தில் நிதி வந்தால் பார்க்கலாம், முன்னுரிமைப் பட்டியலில் வையுங்கள் என்றார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் சில ஊர்களில் பள்ளிச் சுற்றுச்சுவர் கட்டியிருக்கிறார்களே என்று கேட்டோம். அந்தத் திட்டத்தில் 60 பங்கு கூலிக்கும் 40 பங்கு பொருளுக்கும் என்று கணக்கு, சுவர் என்றால் கல்லும் சிமென்டும் கம்பியும்தான் பெரிய செலவு, அதனால் பின்னுக்குத் தள்ளப்படுகிறது என்று ஒன்றியப் பொறியாளர் பொறுமையாக விளக்கினார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஒவ்வொருவரும் தன் பெட்டியில் பணம் இல்லை என்று உண்மையைத்தான் சொல்கிறார்கள். பள்ளிப் பாதுகாப்புக்கு என்று ஒரு பெட்டியே இல்லை என்பதுதான் என் புகார்.

உங்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஆண்டும் பள்ளி விவரங்களைப் பதிவு செய்கிற யூடைஸ் படிவத்தில் சுற்றுச்சுவர் எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி இருக்கிறது. முழுச் சுவரா, உடைந்த சுவரா, முள்வேலியா, ஒன்றுமே இல்லையா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தலைமையாசிரியை உடைந்த சுவர் என்றுதான் பதிவு செய்கிறார். எங்கள் தீர்மானங்களைப் பெற்றோர் செயலியில் ஏற்றச் சொன்னீர்கள், ஏற்றினோம். எந்தப் பள்ளிக்குச் சுவர் இல்லை, எதற்குக் கதவு இல்லை என்ற பட்டியல் சென்னையிலும் தில்லியிலும் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. புதிதாக ஒரு ஆய்வுக்குழு போட வேண்டிய அவசியமே இல்லை.

சட்டமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், பள்ளிக் கட்டடம் என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலில், சுற்றுச்சுவரோ வேலியோ போட்டுப் பாதுகாக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்தத் தரத்துக்குப் பள்ளிகளைக் கொண்டுவர மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள், அது 2013 மார்ச்சோடு முடிந்துவிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் கும்பகோணம் தீ விபத்தை ஒட்டிய வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, பிள்ளையின் கல்வி உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளிக்கான உரிமையும் அடங்கும் என்று சொன்னது. 2021இல் ஒன்றியக் கல்வி அமைச்சகம் பள்ளிப் பாதுகாப்பு நெறிமுறைகள் வெளியிட்டு, பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் பள்ளி நிர்வாகத்தில் யார் யார் பொறுப்பு என்று வகுத்தது. பொறுப்பை வகுத்தவர்கள் அதைச் செய்வதற்கான பணத்தை வகுக்கவில்லை. எங்கள் தலைமையாசிரியைக்குப் பொறுப்பு இருக்கிறது, 25,000 ரூபாய் இருக்கிறது.

கும்பகோணத்தைச் சொன்னதும் இன்னொன்றையும் சொல்கிறேன். 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகளை அங்கே தீயில் இழந்தோம். அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், எங்கள் பள்ளியில் ஒரு கூரைக் கொட்டகை இருந்தது, அடுத்த சில வாரங்களில் அது காணாமல் போனது. பள்ளிகளில் கீற்றுக் கூரைக்கு அரசு முடிவு கட்டியது. வேண்டும் என்று அரசு நினைத்தால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வருத்தம் என்னவென்றால் அந்த வேகம் வருவதற்கு ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் சாக வேண்டியிருக்கிறது. திருநெல்வேலிக்குப் பிறகு கட்டடங்கள். 2024 நவம்பரில் தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினத்தில் அரசுப் பள்ளிக்குள்ளேயே ஓர் ஆசிரியை குத்திக் கொல்லப்பட்டார், அதற்குப் பிறகு வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்று எங்களிடம் சொன்னார்கள். வாசல் கதவை நாங்கள் பூட்டிவைக்கத் தயார், ஆனால் தெற்குப் பக்கம் முழுவதும் திறந்து கிடக்கும்போது வாசலைப் பூட்டி என்ன பயன்? 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. குழந்தை கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. உடனே எங்கள் பள்ளியிலும் தொட்டி மூடியைச் சரிபார்த்து ஃபோட்டோ அனுப்பச் சொன்னார்கள். பார்த்தோம், விரிசல் விட்டிருந்தது, புது மூடிக்குக் குழு உறுப்பினர்கள் பணம் போட்டோம், ஃபோட்டோ அனுப்பினோம். அந்த ஃபோட்டோவைப் பார்த்த அதிகாரிக்குப் பள்ளி பாதுகாப்பாக இருக்கிறது என்று தோன்றியிருக்கும். அதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்றிய அமைச்சகத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களுடைய மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024-25ஆம் ஆண்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்திவைத்தீர்கள். கொள்கையில் உங்களுக்கும் மாநிலத்துக்கும் உள்ள சண்டையை நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். குழாயும் கதவும் வாங்குகிற பணம் அதே கணக்கில் வருகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். எந்த ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று என் மகளுக்குத் தெரியாது, அவளுக்குக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். மாநில அரசுக்கும் இதையே சொல்கிறேன், ஒன்றிய நிதி வரவில்லை என்பது எங்கள் ஊர்ச் சுவருக்குப் பதில் ஆகாது. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டில் 7,000 கோடி என்று நீங்கள் 2022இல் அறிவித்தபோது ஒன்றிய அரசைக் கேட்டு அறிவிக்கவில்லையே.

தலைக்கணக்கு வைத்து மானியம் கொடுப்பதைப் பற்றி என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சாக்பீஸுக்கும் நோட்டுக்கும் தலைக்கணக்கு சரி. ஆபத்துக்குத் தலைக்கணக்கு கிடையாது. இருபது பிள்ளைகள் படிக்கிற மலையோரப் பள்ளிக்கு 10,000 ரூபாய்தான், ஆனால் அந்தப் பள்ளிக்குத்தான் பக்கத்தில் வீடு இருக்காது, ஆள் நடமாட்டம் இருக்காது, ஓர் ஆசிரியர் விடுப்பு எடுத்தால் இன்னொருவர் தனியாக நிற்பார். பாதுகாப்புக் குறைவாக இருக்கிற இடத்துக்குத்தான் பணமும் குறைவாகப் போகிறது. சுவர் இல்லை என்று பெற்றோர் பிள்ளையை வேனில் ஏற்றி டவுனுக்கு அனுப்பினால் எண்ணிக்கை இன்னும் குறைகிறது, மானியமும் குறைகிறது. எங்கள் ஊரில் இந்த ஆண்டே சில குடும்பங்கள் அப்படிப் போய்விட்டன. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் கேமரா என்கிறார்கள். எங்களுக்கு முதலில் கேமரா வேண்டாம். மின்சாரம் போய்ப் போய் வருகிற ஊரில் யார் அதைப் பார்க்கப் போகிறார்கள், பழுதானால் யார் சரி செய்வார்கள்? சுவர், பூட்டுகிற வாசல், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, இரவில் ஒரு ஆள், இவை இருந்தால் அதன் பிறகு கேமராவைப் பற்றிப் பேசலாம். சுவர் கட்டினால் எல்லா ஆபத்தும் போய்விடும் என்றும் நான் சொல்லவில்லை, உள்ளே இருக்கிறவர்களாலேயே பிள்ளைகளுக்குக் கெடுதல் நடந்த செய்திகளை நாமெல்லாம் படித்திருக்கிறோம். அதற்குக் குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி உதவி எண் 14417 இரண்டையும் சுவரில் எழுதிப் போட்டதோடு நிறுத்தாமல், பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேச ஒரு ஆலோசகர் எப்போதாவது தொடக்கப் பள்ளிக்கும் வர வேண்டும். அதற்கும் பணம் வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

பள்ளிப் பாதுகாப்புக்கு என்று தனி நிதித் தலைப்பு உருவாக்குங்கள். அதைப் பள்ளி மானியத்தோடு கலக்காதீர்கள், தலைக்கணக்கு வைத்துப் பிரிக்காதீர்கள். யூடைஸில் உடைந்த சுவர், சுவர் இல்லை என்று பதிவான அரசு மற்றும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளின் பட்டியலை எடுத்து, சாலையோரம், நீர்நிலை, ரயில்பாதை ஓரம் இருப்பவற்றை முதலில் வைத்து, மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். எங்கள் பள்ளி அந்தப் பட்டியலில் எத்தனையாவது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். எங்களைவிட மோசமான நிலையில் இருக்கிற பள்ளிக்கு முதலில் கொடுத்தால் நாங்கள் காத்திருப்போம்.

பள்ளியில் எந்தக் கட்டுமான வேலை நடந்தாலும், அந்த வேலைக்காக உடைக்கப்படுகிற சுவரும் வாசலும் அதே மதிப்பீட்டில் சேர வேண்டும், அவற்றைத் திரும்பக் கட்டாமல் ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை போகக் கூடாது என்று உத்தரவிடுங்கள். இதற்குப் புதிதாக ஒரு பைசா தேவையில்லை.

மானியத்தை ஜூன் மாதத்திலேயே, பள்ளி திறக்கும்போதே விடுவியுங்கள். பாதுகாப்பு வேலைக்கு வருகிற பணம் மார்ச் 31 அன்று திரும்பிப் போகாமல் வேலை முடியும்வரை இருக்கட்டும். கல்வித் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் சேர்ந்து ஓர் அலுவலரை நியமித்து, பள்ளிப் பாதுகாப்பு சம்பந்தமாக எழுதினால் அவர் பதில் சொல்ல வேண்டும் என்று ஆக்குங்கள். இரவுக் காவலருக்கு ஒவ்வொரு பள்ளிக்கும் முடியாவிட்டால், பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளுக்குச் சேர்த்தாவது உள்ளூரில் ஒருவரை, ஒழுங்கான சம்பளத்தில், நியமிக்க வழி செய்யுங்கள். இரவில் திருட்டுப் போன சாமானுக்குத் தலைமையாசிரியரிடம் பணம் பிடிக்க மாட்டோம் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

எங்கள் பள்ளியைப் பொறுத்தவரை, ஒன்றியப் பொறியாளர் வந்து அளந்து, தெற்குப் பக்கச் சுவருக்கு மதிப்பீடு போட்டு அனுப்ப வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு ஏரி நிரம்புவதற்கு முன் குறைந்தது கம்பி வேலியாவது போட்டுத் தர வேண்டும். அதற்கு வேண்டிய ஆள் வேலையை ஊர் மக்கள் செய்து தருவோம் என்று கூட்டத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறோம், கம்பியும் கல்தூணும் நீங்கள் கொடுங்கள். இதற்கான பதிலைத் தொகையும் தேதியும் குறிப்பிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் அதைப் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு,
ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி